1971 செப்டம்பர் 1-ஐ ஏன் விட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் முக்கிய நாட்கள் என்று ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் பேஸ்பாலுக்கு இடம் கிடைப்பதே அபூர்வம். அதிலும் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் என்று போகாமல் இந்த நடுத்தர ஊரின் அணியை எடுத்தீர்களே, அதில் எனக்குத் தனிப்பட்ட சந்தோஷம். என் மகன் பிட்ஸ்பர்க்கில்தான் வேலை பார்க்கிறான். நானும் என் மனைவியும் அவ்வப்போது போய்ச் சில மாதங்கள் தங்கிவிட்டு வருவோம். அவளுக்குப் பென் ஹில்ஸ் வெங்கடாசலபதி கோயில், எனக்குப் பேஸ்பால் மைதானம். மகனுக்கு டிரைவர் வேலை.

நான் ஒரு நாளிதழில் (உங்களுடையது இல்லை) ப்ரூஃப் ரீடராக ராத்திரி ஷிஃப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். அச்சில் ஒரு தேதியைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். உங்கள் கட்டத்தையும் அப்படித்தான் படித்தேன். தேதிகளில் தப்பு அதிகமில்லை. முதல் வரியில் மட்டும் அணி 1887-இல் தொடங்கியதாக இருக்கிறது. அது நேஷனல் லீகில் சேர்ந்த வருஷம். 1882-லேயே அமெரிக்கன் அசோசியேஷன் என்ற வேறொரு லீகில் அவர்கள் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். போகட்டும், இதற்காக யாரும் கடிதம் எழுத மாட்டார்கள்.

நான் எழுதுவது விட்டுப்போன ஒரு தேதிக்காக. 1909, 1925, 1960, 1971, 1979 என்று ஐந்து உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பாலின் வருடாந்தர இறுதித் தொடர்) வெற்றிகளையும் நாள் பிசகாமல் கொடுத்த நீங்கள், அந்த 1971-ஆம் வருஷத்திலேயே கோப்பைக்கு ஆறேழு வாரம் முன்னால் நடந்ததை விட்டுவிட்டீர்கள். என்னைக் கேட்டால் அந்த அணியின் சரித்திரத்தில் ஒரே ஒரு தேதிக்குத்தான் இடம் என்று சொன்னாலும் அதைத்தான் போட வேண்டும்.

1971 செப்டம்பர் 1, புதன்கிழமை. த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியத்தில் பிலடெல்ஃபியா பிலீஸ் அணியுடன் ஆட்டம். வந்திருந்தவர்கள் 11,278 பேர். பைரேட்ஸ் மேனேஜர் டேனி மர்டா எழுதிக் கொடுத்த பேட்டிங் வரிசை இது: ரென்னி ஸ்டெனட், ஜீன் கிளைன்ஸ், ராபர்ட்டோ கிளெமென்டே, வில்லி ஸ்டார்ஜல், மேனி சாங்கியென், டேவ் கேஷ், ஆல் ஆலிவர், ஜாக்கி ஹெர்னாண்டெஸ், டாக் எல்லிஸ். ஸ்டெனட்டும் சாங்கியெனும் பனாமாக்காரர்கள். கிளெமென்டே போர்ட்டோ ரீக்கோ. ஹெர்னாண்டெஸ் கியூபா. மற்ற ஐந்து பேரும் அமெரிக்கக் கறுப்பர்கள். மேஜர் லீக் என்கிற உச்சநிலை பேஸ்பாலின் சரித்திரத்தில் ஒரு வெள்ளைக்காரர்கூட இல்லாமல் களம் இறங்கிய முதல் ஒன்பது பேர் இவர்கள்தான்.

இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. வழக்கமாக மூன்றாம் பேஸில் நிற்கும் ரிச்சி ஹெப்னரும் முதல் பேஸில் நிற்கும் பாப் ராபர்ட்சனும் வெள்ளையர்கள். அன்று தொடக்க வரிசையில் இருவருமே இல்லை. ஒருவர் இடத்துக்குக் கேஷ் வந்தார், இன்னொருவர் இடத்துக்கு ஆலிவர். ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கே முதலில் தெரியாது. மூன்றாவது இன்னிங்ஸோ நான்காவதோ நடக்கும்போதுதான் ஆலிவரும் கேஷும் அதைக் கவனித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு மர்டா அப்புறம் சொன்ன பதில், அன்றைக்கு என்னிடம் இருந்த நல்ல ஆட்டக்காரர்கள் ஒன்பது பேரை இறக்கினேன் என்பதுதான்.

ஆட்டம் ஒன்றும் பெரிய காவியம் இல்லை. பிட்சர் எல்லிஸ் சரியாக வீசாமல் இரண்டாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் வெளியே போய்விட்டார். ரன்கள் இரண்டு பக்கமும் கொட்டின. கடைசியில் பைரேட்ஸ் 10, பிலீஸ் 7.

இப்போது பத்திரிகைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பிட்ஸ்பர்க்கில் அப்போது இரண்டு பெரிய நாளிதழ்கள். காலையில் போஸ்ட்-கெஜட், மாலையில் பிரஸ். 1971 மே மாதத்திலிருந்து இரண்டும் வேலைநிறுத்தத்தில் நின்றுபோயிருந்தன. செப்டம்பர் 2-ஆம் தேதி காலையில் ஊருக்குப் பேப்பர் வரவில்லை. அந்த ஒன்பது பெயர்களை ஒன்றன் கீழ் ஒன்றாக அச்சுக் கோத்து, ஒரு ப்ரூஃப் ரீடர் தூக்கக் கலக்கத்தோடு பார்த்து அனுப்பி, காப்பி குடிக்கிறவன் கையில் அது போய்ச் சேர்வது என்கிற காரியமே அன்று சொந்த ஊரில் நடக்கவில்லை. சரித்திரத்தில் ஒரு தேதி நிற்பதற்குப் பெரும்பாலும் மறுநாள் பேப்பர்தான் காரணம் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம் உண்டு. தொழில் புத்தி. பைரேட்ஸைப் பொறுத்தவரை அது அனேகமாக உண்மை. கோப்பைத் தேதிகள் எல்லாக் கட்டங்களிலும் இருக்கின்றன. இந்தத் தேதி பல வருஷம் கழித்துத்தான் மெல்ல மெல்லப் பேச்சில் ஏறியது. உங்கள் கட்டத்தில் இன்னும் ஏறவில்லை.

இதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று உங்கள் வாசகர்கள் கேட்கலாம். ஜாக்கி ராபின்சன் ப்ரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக மேஜர் லீகில் இறங்கியது 1947 ஏப்ரல் 15. அதுவரை அறுபது வருஷத்துக்கு மேல் கறுப்பர்களுக்கு அங்கே கதவு சாத்தியிருந்தது. எழுதி வைத்த சட்டம் கிடையாது, முதலாளிகளுக்குள் ஒரு புரிதல், அவ்வளவுதான். ராபின்சன் வந்த பிறகும் பைரேட்ஸ் ஒன்றும் அவசரப்படவில்லை. அவர்களின் முதல் கறுப்பு ஆட்டக்காரர் கர்ட் ராபர்ட்ஸ் இறங்கியது 1954 ஏப்ரல் 13-இல், அதாவது முழுசாக ஏழு வருஷம் கழித்து. முதல் தடவை மட்டை பிடித்தபோதே அவர் ட்ரிபிள் (மூன்றாம் பேஸ் வரை ஓடவைக்கும் அடி) அடித்தார். வீசியவர் சாமானியரில்லை, பிலடெல்ஃபியாவின் ராபின் ராபர்ட்ஸ். இந்தத் தேதியும் உங்கள் கட்டத்தில் இல்லை.

இதில் வேதனை என்னவென்றால், கறுப்பர் பேஸ்பாலுக்குத் தலைநகரம் என்று சொல்லத்தக்க ஊரே பிட்ஸ்பர்க்தான். ஹோம்ஸ்டெட் கிரேஸ், பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் என்று இரண்டு பெரிய அணிகள் அங்கே இருந்தன. பைரேட்ஸ் வெளியூர் போயிருக்கும் நாட்களில் கிரேஸ் அணி பைரேட்ஸின் அன்றைய மைதானமான ஃபோர்ப்ஸ் ஃபீல்டையே வாடகைக்கு எடுத்து ஆடும். மைதானம் ஒன்று, புல் ஒன்று, ஹோம் பிளேட் ஒன்று. ஜாஷ் கிப்சன் என்ற கேட்சர் இந்த இரண்டு அணிகளுக்கும் ஆடியவர். பைரேட்ஸ் பனியனை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. 1947 ஜனவரி 20 அன்று 35 வயதில் இறந்துபோனார். ராபின்சன் இறங்க இன்னும் மூன்று மாதம் இருந்தது. கறுப்பர் லீக் கணக்குகளை 2024 மே மாதம் மேஜர் லீக் தன் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டபோது, வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப் என்ற பழைய நட்சத்திரத்தைத் தாண்டி முதல் இடத்துக்கு வந்தவர் இந்தக் கிப்சன்தான். ராபின்சனுக்காக வருஷக்கணக்கில் எழுதிப் போராடிய நிருபர் வெண்டெல் ஸ்மித்தும் இந்த ஊர்ப் பத்திரிகைக்காரரே. பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பர் வார இதழில் எழுதினார். இப்படிப்பட்ட ஊரில் அந்த ஒன்பது பேர் இறங்கிய நாளைச் சொல்லாமல் 1979 இறுதி ஆட்டத்தின் ஸ்கோரைச் சொல்லி என்ன பயன்?

சரி, கட்டத்தில் இருப்பவற்றுக்கு வருகிறேன். 1960 அக்டோபர் 13-ஐப் பெரிய எழுத்தில் போட்டிருந்தீர்கள். நியாயமே. ஆனால் பில் மாஸரோஸ்கி ஹோம் ரன் அடித்து நியூயார்க் யாங்கீஸை 10-9 என்று வென்றார் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். அந்தத் தொடரின் ஏழு ஆட்டங்களையும் கூட்டிப் பாருங்கள். யாங்கீஸ் எடுத்தது 55 ரன், பைரேட்ஸ் 27. யாங்கீஸ் ஜெயித்த மூன்று ஆட்டங்களும் 16-3, 10-0, 12-0. பைரேட்ஸ் ஜெயித்த நான்கும் மயிரிழையிலோ மூன்று ரன்னுக்குள்ளோ. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பரிசு தோற்ற அணியின் பாபி ரிச்சர்ட்சனுக்குப் போனது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததில்லை. கடைசி ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவதின் இரண்டாம் பாதி, ஸ்கோர் 9-9, ரால்ஃப் டெர்ரியின் இரண்டாவது பந்து, இடப்பக்கச் சுவருக்கு மேலே. உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் ஹோம் ரனால் முடிந்தது அந்த ஒரு தடவைதான். மணி பிற்பகல் 3:36.

அந்த மணிக்கணக்கு ஊருக்கே மனப்பாடம். ஃபோர்ப்ஸ் ஃபீல்டை 1970-க்குப் பிறகு இடித்துவிட்டார்கள். ஓக்லண்ட் பகுதியில், பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவே அதன் வெளிச்சுவரில் ஒரு துண்டு மட்டும் கொடியேறி நிற்கிறது. பக்கத்தில் பழைய கொடிக்கம்பம். மாஸரோஸ்கியின் பந்து தாண்டிய இடத்தை நடைபாதையில் ஒரு தகடு பதித்துக் குறித்திருக்கிறார்கள். ஹோம் பிளேட்டைப் பார்க்க வேண்டுமானால் பாஸ்வர் ஹால் என்ற வகுப்பறைக் கட்டடத்துக்குள் போக வேண்டும். தரையில் கண்ணாடி போட்டு மூடிவைத்திருக்கிறார்கள். பையன்கள் அதை மிதித்துக்கொண்டு பரீட்சைக்கு ஓடுகிறார்கள்.

ஒவ்வொரு அக்டோபர் 13-ஆம் தேதியும் அந்தச் சுவரடியில் ஒரு கூட்டம் சேரும். 1985-இல் ஒரே ஒரு ரசிகர் டேப் ரிக்கார்டரோடு தனியாக வந்து உட்கார்ந்து ஆரம்பித்துவைத்த வழக்கம். இப்போது மடக்கு நாற்காலி, ஹாட் டாக், பேரன் பேத்தி சகிதம் வருகிறார்கள். பகல் ஒரு மணிக்கு அந்த நாளின் ரேடியோ வர்ணனையை ஒலிபெருக்கியில் போடுவார்கள். விளம்பரத்தோடு, முழு ஆட்டமும். அன்று போலவே 3:36-க்குப் பந்து சுவரைத் தாண்டும்படி கணக்குப் பண்ணிப் போடுவார்கள். நானும் மகனோடு போயிருக்கிறேன். என் பக்கத்தில் ஒரு கிழவர் மாஸரோஸ்கியின் 9-ஆம் நம்பர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். எட்டாவது இன்னிங்ஸில் பந்து தரையில் மோதி எகிறி யாங்கீஸ் ஷார்ட்ஸ்டாப் டோனி கூபெக்கின் தொண்டையில் அடிக்கும் கட்டம் வந்ததும், தன் தொண்டையைத் தடவிக்கொண்டார். முடிவு தெரிந்த ஆட்டத்தில் ஹால் ஸ்மித்தின் ஹோம் ரனுக்கு எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். யாங்கீஸ் ஒன்பதாவதில் ஸ்கோரைச் சமன் செய்யும்போது நிஜமாகவே முகம் வாடுகிறது.

அந்த வர்ணனையில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. வர்ணனையாளர் சக் தாம்சன், கடைசிப் பந்தை வீசியது ஆர்ட் டிட்மார் என்கிறார். வீசியவர் டெர்ரி. அதோடு விடாமல், பைரேட்ஸ் 10-0 என்று ஜெயித்துவிட்டதாகவும் சொல்லி, பிறகு சமாளித்து 10-9 என்கிறார். என் தொழிலில் இதற்கு மெமோ வரும். சுவரடியில் அந்த இடத்துக்காகவே காத்திருந்து எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். டிட்மார் மட்டும் சிரிக்கவில்லை. 1980-களில் ஒரு பீர் கம்பெனி அந்த ஒலிப்பதிவை விளம்பரத்தில் போட, தன் பெயர் கெட்டது என்று வழக்குப் போட்டார். தோற்றார். பாவம், பந்தே வீசாதவர்.

டிவிப் படச்சுருள் கதை இன்னும் வேடிக்கை. பாடகர் பிங் கிராஸ்பி அந்த அணியின் பங்குதாரர்களில் ஒருவர். நேரில் பார்த்தால் அணி தோற்றுவிடும் என்று பயந்து பாரிஸ் போய் உட்கார்ந்து ரேடியோவில் கேட்டார். ஆனால் ஜெயித்தால் பார்க்க வேண்டுமே என்று ஆள் வைத்துப் படமும் பிடிக்கச் சொல்லியிருந்தார். அந்தச் சுருள்கள் 2009 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் அவர் வீட்டு நிலவறையில் கிடைத்தன. முழு ஆட்டத்துக்கு வேறு பிரதி இருப்பதாக அதுவரை தெரியாது. டிவிச் சேனல் வைத்துக்கொள்ளாததை ஒரு பயந்தாங்கொள்ளி பத்திரப்படுத்தினார்.

ரேடியோ என்றதும் இன்னொரு விடுபட்ட தேதி. 1921 ஆகஸ்ட் 5. ஒரு மேஜர் லீக் ஆட்டம் முதல்முதலாக வானொலியில் போனது அன்றுதான். பிட்ஸ்பர்க்கின் கேடிகேஏ நிலையம், ஃபோர்ப்ஸ் ஃபீல்டில் பைரேட்ஸ் பிலீஸை 8-5 என்று வென்ற ஆட்டம். வர்ணனை சொன்ன ஹெரால்ட் ஆர்லின், வெஸ்டிங்ஹவுஸ் தொழிற்சாலையில் பகல் வேலை பார்த்த இளைஞர். ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஓர் இருக்கையில் உட்கார்ந்து, டெலிபோனை மைக்காக மாற்றி வைத்துக்கொண்டு பேசினார். நம் ஊரில் டீக்கடை ரேடியோவில் கிரிக்கெட் கேட்டு வளர்ந்த தலைமுறை இருக்கிறதே, அதற்கெல்லாம் பூர்வீகம் அந்த இருக்கை. கோப்பை இல்லாத வருஷம் என்பதால் விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது.

கிளெமென்டே விஷயத்தில் எனக்கு உங்கள்மேல் கொஞ்சம் கோபமே வந்தது. 1972 செப்டம்பர் 30, மூவாயிரமாவது ஹிட் என்று போட்டிருக்கிறீர்கள். அன்று மைதானத்தில் இருந்தவர்கள் 13,117 பேர்தான். நியூயார்க் மெட்ஸின் ஜான் மேட்லக் வீசிய பந்து, இரண்டாம் பேஸ் வரை போன அடி. இதெல்லாம் சரி. அதே வருஷம் டிசம்பர் 31-ஐ எங்கே? நிகராகுவாவின் மனாகுவா நகரத்தில் 23-ஆம் தேதி பூகம்பம். கிளெமென்டே சொந்த ஊரில் நிவாரணப் பொருள் திரட்டி அனுப்பினார். முதலில் போன பொருட்கள் அங்கே அதிகாரத்தில் இருந்தவர்கள் கைக்குப் போய்விடுகின்றன என்று தெரிந்ததும், நானே கூடப் போகிறேன் என்று கிளம்பினார். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய பழைய டிசி-7 விமானம். வருஷத்தின் கடைசி ராத்திரி, சான் ஹுவானிலிருந்து எழும்பிய சில நிமிஷங்களில் கடலில் விழுந்தது. அவருக்கு 38 வயது. உடல் கிடைக்கவேயில்லை. அஞ்சலிக் கூட்டத்துக்குப் போகாமல் கடலில் முக்குளித்துத் தேடிக்கொண்டிருந்தார் ஒரு நண்பர். யார் என்று நினைக்கிறீர்கள்? அந்தச் செப்டம்பர் 1 பட்டியலில் ஐந்தாவது பெயர், கேட்சர் சாங்கியென்.

ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆனால்தான் ஒருவரைப் பேஸ்பாலின் புகழ் மண்டபத்துக்குத் தேர்ந்தெடுப்பார்கள். கிளெமென்டேக்காக அந்த விதியைத் தளர்த்தி 1973-லேயே சேர்த்தார்கள். பைரேட்ஸின் இன்றைய மைதானமான பிஎன்சி பார்க்கில் வலப்பக்கச் சுவர் 21 அடி உயரம். அவர் நம்பர் 21. இவ்வளவு மரியாதை செய்கிற அதே நாட்டில், அவர் ஆடிய காலத்தில் விளையாட்டு நிருபர்கள் அவர் பேசிய ஆங்கிலத்தை உச்சரிப்புப் பிசகு தெரியும்படி எழுத்துக் கூட்டி அச்சிட்டுக் கேலி செய்தார்கள். ஸ்பானிஷில் யோசித்து இன்னொரு மொழியில் பேசுகிறவனின் வாக்கியத்தைத் திருத்திப் போட ஒரு ஆள் அந்த அலுவலகங்களில் இல்லாமல் போனாரே என்று எனக்கு ஆதங்கம். 1971 உலகத் தொடரை ஜெயித்த அன்று, அக்டோபர் 17, டிவி கேமரா முன்னால் நின்று அவர் முதலில் பேசியது ஸ்பானிஷில். தன் அப்பா அம்மாவிடம்.

தோல்வித் தேதி ஒன்றுகூட உங்கள் கட்டத்தில் இல்லை. பைரேட்ஸ் ரசிகனிடம் சொன்னால் சிரிப்பான். அவன் ஜாதகமே தோல்விதான். 1959 மே 26 அன்று மில்வாக்கியில் பைரேட்ஸின் ஹார்வி ஹேடிக்ஸ் வீசினார். வந்த 36 பேரையும் வரிசையாக அவுட்டாக்கினார். பன்னிரண்டு இன்னிங்ஸ், ஒருவர்கூட முதல் பேஸுக்குப் போகவில்லை. கொடுமை என்னவென்றால் பைரேட்ஸ் பன்னிரண்டு ஹிட் அடித்தும் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. பதின்மூன்றாவதில் டான் ஹோக்கின் கைத்தவறல், அப்புறம் ஜோ அட்காக்கின் அடி, ஆட்டம் 1-0 என்று போய்விட்டது. அது ஒரு குறையற்ற ஆட்டம் என்று முப்பது வருஷத்துக்கு மேல் பட்டியலில் இருந்தது. 1991-இல் மேஜர் லீக் விதியை மாற்றி எழுதி அதை நீக்கியது. மனிதர் உயிரோடு இருக்கும்போதே.

1992 அக்டோபர் 14 இன்னொன்று. தொடர்ந்து மூன்றாவது வருஷம் லீக் இறுதிக்கு வந்திருந்தார்கள். அட்லாண்டாவில் ஏழாவது ஆட்டம், ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் 2-0 முன்னிலையோடு போனார்கள். இரண்டு அவுட் ஆனபின், ஃபிரான்சிஸ்கோ கப்ரேரா என்று அதுவரை அதிகம் பேர் கேள்விப்படாத ஒருவர் இடப்பக்கம் அடிக்க, இரண்டாம் பேஸிலிருந்து ஓடிவந்து அட்லாண்டாவுக்கு வெற்றி ரன்னை எடுத்தவர் சிட் பிரீம். முன்னாள் பைரேட்ஸ்காரர். முட்டி ஆபரேஷன்கள் செய்துகொண்டு, ஓடவே சிரமப்பட்டவர். பைரேட்ஸின் பேரி பாண்ட்ஸ் எறிந்த த்ரோ ஒரு மயிரிழையில் தவறியது. அன்றும் ஊரில் பேப்பர் இல்லை! மே மாதம் தொடங்கிய இன்னொரு வேலைநிறுத்தம். அது முடிந்தபோது பிரஸ் பத்திரிகையே இல்லாமல் போயிருந்தது. போஸ்ட்-கெஜட் மறுபடி வந்தது 1993 ஜனவரியில். ஒரே அணி, இரண்டு பெரிய நாட்கள், இரண்டு தடவையும் அச்சு இயந்திரம் ஓடவில்லை. எந்த ஜோசியக்காரனும் இப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.

அதற்கப்புறம் 1993 முதல் 2012 வரை இருபது வருஷம் ஒரு சீசனில்கூட வெற்றிகள் தோல்விகளைத் தாண்டவில்லை. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்குகளில் வேறு எந்த அணியும் அவ்வளவு நீளமாகத் தோற்றதில்லை. அந்த இருள் காலத்தில்தான் 2001 ஏப்ரல் 9 வருகிறது. நீங்கள் பிஎன்சி பார்க் திறப்பு என்று போட்டிருக்கிறீர்கள். அன்று அதிகாலை வில்லி ஸ்டார்ஜல் இறந்துபோனார். 1979 கோப்பையைத் தோளில் சுமந்து வந்த, எல்லாரும் பாப்ஸ் என்று கூப்பிட்ட மனிதர். அவர் சிலையை அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் வாசலில் திறந்துவைத்திருந்தார்கள். முதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் சிலையடியில் பூ வைத்துவிட்டு உள்ளே போனார்கள். திறப்புவிழா என்று மட்டும் போட்டால் பாதிச் செய்திதான்.

கடைசியாக 2008 நவம்பர். ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற உத்தரப் பிரதேச இளைஞர்கள் இருவரை பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்தது. இந்தியத் தொடர்பு என்பதால் தடித்த எழுத்து கொடுத்திருக்கிறீர்கள், புரிகிறது. இருவருமே மேஜர் லீகை எட்டவில்லை, கீழ்நிலை லீகுகளோடு நின்றுவிட்டார்கள். ஈட்டி எறிந்துகொண்டிருந்த பையன்கள் அவ்வளவு தூரம் போனதே பெரிய விஷயம்தான். ஆனால் பிட்ஸ்பர்க்கில் அந்தத் தேதியை யாரும் நினைவு வைத்திருப்பதாகத் தெரியவில்லை. அது நம் ஊர்க் கட்டத்துக்கான தேதி. இருக்கட்டும், எழுத்தின் தடிமனை மட்டும் குறைக்கலாம்.

என் கோரிக்கை சின்னது. தினமும் நீங்கள் வரலாற்றில் இன்று என்று ஒரு பத்தி போடுகிறீர்கள். வருகிற செப்டம்பர் 1 அன்று அதில் இந்த ஆட்டத்தைச் சேருங்கள். ஸ்கோர் வேண்டாம், 10-7 யாருக்கும் முக்கியமில்லை. ஒன்பது பெயர்களையும் மர்டா எழுதிய வரிசையிலேயே போடுங்கள். ஸ்பானிஷ் பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து அப்படியே தமிழில் எழுதிவிட வேண்டாம் என்று டெஸ்க்கில் சொல்லுங்கள், முக்கியமாகச் சாங்கியென். இந்தக் கடிதத்தில் மேலே எழுதியிருப்பதைப் பார்த்துக் கோத்தால் போதும். ப்ரூஃப் பார்க்க ஆள் இல்லையென்றால் எனக்கு அனுப்புங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மதுரை